ஒற்றைத் துளை

குழலில் வெடிமருந்தைத் திணித்துக் கிட்டித்துச் சுடுகிற துப்பாக்கிகளில் தன்னுடைய கம்பெனித் துப்பாக்கிக்குத்தான் குறி தப்பாது என்பான் சீரங்கன். மச்சினன் தொட்டியப்பனுடையது கொல்லர் செய்தது. சீரங்கன் போடுகிற மாதிரி ஒற்றைக் குண்டு போட்டால் அதில் நேராகப் போகாது. மிளகளவு ரவைகளைத்தான் போடுவான். அன்று புதரிலிருந்து பன்றி பாய்ந்ததும் இருவரும் ஒன்றாகச் சுட்டார்கள். பன்றி தப்பிவிட்டது. துரத்திப்போன சீரங்கனின் நாய் செத்துக் கிடந்தது. விலாவில் கட்டைவிரல் நுழையுமளவுக்கு ஒரே துளை. தொட்டியப்பன் அதைத் துண்டால் மூடினான்.

“எந்துப்பாக்கிதான் கோணிப்போச்சு மச்சான்.”

சீரங்கன் மறுக்கவில்லை. வீட்டில் மகள் அழுதுகொண்டே, “யாருப்பா சுட்டது?” என்று கேட்டபோது, “மாமன்” என்றான். அன்றோடு அவள் மாமனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பல வருடம் கழித்து, அவள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலையை நீட்டியபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீரங்கன் ஏதோ சொல்ல எழுந்தான். அதற்குள் மேளம் கொட்டிவிட்டது.