ஆதாரமில்லாத வரி

இன்சுலின் பம்புகளை இயக்கும் அந்த ஓப்பன் சோர்ஸ் நிரலுக்குக் கையேடு எழுத எந்தக் கருவியை வைத்துக்கொள்வது என்று குழுவில் ஒரு மாதமாக இழுபறி. கடைசியில் சண்பகவல்லிதான் புதிய கருவிக்குக் கையைத் தூக்கினாள். நிரலைப் படித்து அதுவே கையேட்டை எழுதிவிடும். நிரலில் இல்லாததைக் கையேட்டிலிருந்து நீக்கிவிடும். வீட்டுக்கு வீடு பம்புகள் அந்தக் கையேட்டைப் படித்துத் தாமே மருந்தளவை மாற்றிக்கொள்ளும்.

மறுநாள் காலை, இட்லித் தட்டின் முன் உட்கார்ந்திருந்த ஐந்து வயது மகள் இனியாவின் இடுப்பில் பம்பு வழக்கத்தைவிட நெடுநேரம் முனகியது.

"என்ன சம்பா, இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு?" என்றான் கணவன் பூவராகன்.

அவள் பதறிப்போய்க் கையேட்டைத் திறந்தாள். 'இருபது கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதி அளவுதான்' என்ற வரியைக் காணவில்லை. அவள் எழுதிய வரி. நிரலைத் தொட்டால் மறுபடி எல்லாவற்றையும் சோதிக்க வேண்டுமே என்று கையேட்டில் மட்டும் எழுதி வைத்திருந்தாள்.

"மொதல்ல அந்தப் பம்பப் புடுங்குங்க!" என்று கத்திக்கொண்டே அந்த வரியைத் திரும்ப எழுதினாள்.

'நிரலில் ஆதாரம் இல்லை. வேறு ஆதாரம் உண்டா?' என்றது கருவி.

சண்பகவல்லி நிமிர்ந்தாள். சுவரில், மாலைக்குள்ளிருந்து, நான்கு வயதிலேயே நின்றுவிட்ட மூத்தவன் சிரித்துக்கொண்டிருந்தான்.