முன்சீட்டில் சிவப்புக் கறை

"நாலு மணிக்குள்ள அந்த வாசனை போயிரணும் ஷைஜு. துளி இருந்தாலும் அவ கண்டுபிடிச்சிருவா."

பாலகோபாலன் சாவியை நீட்டிய விதம், போலீஸில் சரணடைய வந்த ஆள் மாதிரி இருந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கோழிக்கோட்டில் அந்தப் பக்கம் எல்லாருக்கும் 'மாஷ்'. விஷுப் பண்டிகைக்கு முந்தின வாரம் ஒரு தரம் காரைக் கழுவி மெருகேற்ற ஷைஜு வேலை பார்க்கும் கடைக்கு வருவார், அத்தோடு சரி. இப்போது கர்க்கடக மாசத்துக் கொட்டுகிற மழையில் வந்து நிற்கிறார்.

"என்ன வாசனை மாஷே?" என்று கேட்டான் ஷைஜு. அவன் மூக்கு செத்துப் பத்து வருஷம் ஆகிறது. தின்னரும் பாலிஷும் முகர்ந்து முகர்ந்து, மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

"அது உனக்கெதுக்கு? போகணும், அவ்வளவுதான். சுலோசனா ஒரு மாசமா மங்களூர்ல மக வீட்டுல இருந்தா. இன்னிக்கு வரா. கார் இங்க இருக்குன்னு சொன்னதும், ஸ்டேஷன்லேருந்து நேரா இங்கேயே வரேன்னுட்டா."

பானட்டுக்குப் பாலிஷ் போடக் காத்திருந்த அஷ்கர் கண்ணடித்தான். "கேட்டியா ஷைஜுவேட்டா? ஒரு மாசம் ஆள் தனி. மாஷுக்கு அறுபத்தி நாலுல என்ன யோகம் பாரு!"

"எடா, வாயை மூடு. அவர் காதுல விழப் போகுது."

மாஷை பெஞ்சில் உட்கார வைத்துச் சாயா சொன்னார்கள். "எனக்குப் பால் வேணாம், கட்டன். சீனி போட்டுறாதே" என்று அவர் சாயாக்காரனிடம் இரண்டு தரம் சொன்னார். கண் மட்டும் கார் உள்ளேயே கிடந்தது.

ஷைஜு முன்கதவைத் திறந்து குனிந்தான். சீட்டின் ஓரத்தில் சிவப்புக் கறை. கியர் தலையிலும் சிவப்பாக விரல் பட்ட அடையாளம். அவனுக்குத் திக்கென்றது.

லிப்ஸ்டிக் கறை என்றால் அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். எத்தனை கல்யாணக் காரில் தேய்த்துத் தேய்த்து விரல் தேய்ந்திருக்கிறது! இதுவோ நீராவி பட்டதும் இளகித் துணியோடு வந்துவிட்டது. மலிவுச் சரக்கு போலிருக்கு என்று நினைத்துக்கொண்டான்.

சீட்டுக்கு அடியில் கைவிட்டால் ஒரு கருப்புக் கிளிப். அதில் முழ நீளத்துக்கு ஒரு முடி.

"ரப்பே!" என்றான் எட்டிப் பார்த்த அஷ்கர். "இது பைக்குள்ள போகுமா?"

அதுதான் சங்கடம். காருக்குள் கிடைத்தது எதுவானாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்கண்ணாடியில் தொங்கவிட்டுத்தான் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். அது கடை வழக்கம். முக்கியமாக, அச்சடித்த காகிதம் துண்டாக இருந்தாலும் எறியக் கூடாது. முன்பு ஒருவருடைய லாட்டரிச் சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, முதலாளி பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஆனால் கணக்கில் பெயிலாகக் கிடந்த ஷைஜுவை, இரண்டு மார்க் கூடப் போட்டுக் கரையேற்றிய மனுஷன் இந்த மாஷ். அவர் குடும்பம் நம் கையாலா உடைய வேண்டும்? ஷைஜு கிளிப்பைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டான்.

மிதியடிக்கு அடியில் சுண்டல் அளவுக்கு மடித்து மடித்துத் திணித்த பில்கள், பத்து இருபது இருக்கும். வாடிக்கையாளர் காகிதத்தைப் பிரித்துப் படிப்பது மரியாதை இல்லை. பில்தானே, அது யாரை என்ன செய்யும்? அத்தனையையும் பையில் போட்டுக் கண்ணாடியில் மாட்டினான்.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. சுலோசனா குடையை மடக்கிக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்தார். மாஷ் மூச்சே விடவில்லை.

"புதுக் கார் மாதிரி இருக்கே. நல்ல வேலை மோனே."

"சேச்சி சொன்னா சரி" என்றான் ஷைஜு. அவனுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

"ஆமா, நான் ஊருக்குப் போற அன்னிக்கு என் கிளிப் ஒண்ணு சீட்டுக்கடியில விழுந்துச்சு. கிடைச்சுதா?"

ஷைஜு அசடு வழியச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். வெளியே அஷ்கர் சிரிப்பை அடக்க முடியாமல் பானட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். மாஷைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஷைஜு திரும்பினான்.

மாஷ் கிளிப்பைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்த பையைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"இதென்ன பை?" சுலோசனா அதற்குள் கையில் எடுத்துவிட்டார். ஒரு பில்லைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். அப்புறம் மடியில் வரிசையாகப் பரப்பி, உதடு அசையத் தேதி தேதியாகப் படித்தார்.

மாஷ் மெல்ல நகர்ந்து பின் டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

"பாலேட்டா, சுகர் முந்நூத்தி இருபதுல நிக்கும்போது தினம் கால் கிலோ சிவப்பு அல்வாவா?"