கை நிறைய எழுத்து

"சார், அந்தக்கா கை பூராம் பிட்டு!"

பின் பெஞ்சு விஜய்ராஜ் போட்ட சத்தத்தில் தேர்வு அறையே திரும்பிப் பார்த்தது.

கண்காணிப்பாளர் ஜாஸ்பருக்குச் சுருக்கென்றது. தான் நிற்கிற அறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு நுழைந்ததில்லை என்று தேனி பூராவும் பெருமையடித்தவர் அவர். போன பரீட்சைக்கு இதே பூமாரி உள்ளே வந்தபோது, யாரோ புதுப் பேராசிரியை என்று நினைத்து நாற்காலி போட்டவரும் அவர்தான்.

பூமாரிக்கு நாற்பத்தாறு வயசு. மேகமலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். டிப்ளமா முடித்து இருபத்தைந்து வருசம் கழித்து பகுதிநேர பி.இ. மெக்கானிக்கலில் சேர்ந்தவள். இன்றைக்கு எழுதுகிற பேப்பர் ஒன்றுதான் பாக்கி.

"எந்திரிம்மா. கையைக் காட்டு."

பூமாரி முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள்.

"பாதிக் கணக்குல நிக்கிறேன் சார். அஞ்சு நிமிசம் குடுங்க."

"எழுதிக்குடுத்தேன்னா மூணு வருசத்துக்குப் பரீட்சைப் பக்கமே வர முடியாது. காட்டும்மா!"

"கணக்கு வராதப்பல்லாம் முந்தானைய வெலக்கி வெலக்கிப் பாத்தாக சார்," என்று எடுத்துக்கொடுத்தான் விஜய்ராஜ்.

"ஏலே, நீ ஒம் பேப்பரப் பாருலே!" என்றாள் பூமாரி.

பிறகு கையை நீட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பேனா எழுத்து. மேகமலைப் பாதையில் ஜீப்பில் வந்தவை மாதிரி ஒவ்வொன்றும் ஆடி, சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தது.

"என்ன இது? ஃபார்முலாவா?"

"படிங்க சார்."

ஜாஸ்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"பஞ்… சம்மா. ஜான்… சி. ஜோதி…"

மொத்தம் ஒன்பது பேர். வேறு ஒரு புள்ளி கிடையாது.

"யாரும்மா இவுகல்லாம்?"

"எஸ்டேட்டுல எங்க லயன் வீட்டு வரிசையில குடியிருக்கவக சார். நான் வகுப்புக்கு எறங்குற சனிக்கெழமையெல்லாம் எம் பங்குக் கொழுந்தையும் சேத்துப் பறிச்சவக. விடியக்காலம் ஜீப்பு ஏறயில, 'கணக்கு மறந்தா எங்களப் பாத்துக்கடி'ன்னு எழுதிவிட்டாக."

விஜய்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜாஸ்பர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை மரியாதை தானாக வந்தது.

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. கையில எழுத்தோட உக்கார வைக்க முடியாது. குழாயில போயி நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வந்துருங்க. போன நேரத்த நான் சேத்துத் தர்றேன்."

சொல்லிவிட்டாரே தவிர, ஒன்பது பேரையும் அழிக்கச் சொல்லுகிறோமே என்று அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"மனசு சங்கடப்படாதீங்கம்மா."

பூமாரி சிரித்தாள்.

"சங்கடம் எதுக்கு சார்? போன மாசம் வரைக்கும் சம்பளத்துக்குக் கைநாட்டு வச்ச ஆளுக. கொழுந்துக் காட்டுல வச்சு நாந்தான் எழுத்துச் சொல்லிக்குடுத்தேன். கழுவுனாப் போயிட்டுப் போகுது… அவுகளுக்குத்தான் இப்ப எழுதத் தெரியுமே!"