மவுஸ் வேண்டாத எடிட்டர்

“ஆபீஸ்ல பெரிய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்ல புரோகிராம் அடிக்க இருந்த பழைய எடிட்டரை வீட்டு கம்ப்யூட்டருக்காகத் திரும்ப எழுதறியாமே? வேற வேலையே இல்லையாடா உனக்கு?” என்றாள் அக்கா.

“எழுதி முடிச்சிட்டேன்க்கா. ஆறு மாசம் பிடிச்சுது.”

“மவுஸ் கிடையாது, படம் கிடையாது. எதுக்கெடுத்தாலும் வரி நம்பரைச் சொல்லிக் கட்டளை அடிக்கணும். இந்தக் காலத்துல யாருடா இதைத் தொடுவா?”

“ஒருத்தர் தொட்டாப் போதும்க்கா.”

அவன் உள்ளே போய் மனைவியை அழைத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தான். பதினெட்டு வருஷம் மெயின்ஃப்ரேமில் புரோகிராம் எழுதியவள், வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. கீபோர்டில் அவள் விரல்கள் கொஞ்சம் தயங்கின, பிறகு தாமாகவே ஓடின.

“அதே எடிட்டர்ங்க! எல்லாக் கட்டளையும் அப்படியே இருக்கு!”

அவள் நம்பரை அடிக்க அடிக்க, கம்ப்யூட்டர் அந்தந்த வரியை உரக்கப் படித்துக் காட்டியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பார்வை போன நாளிலிருந்து தம்பி மனைவி இப்படிச் சிரித்து அக்கா பார்த்ததில்லை.

“இது நீங்க எழுதின புரோகிராம்தானே? நாப்பதாவது வரியில தப்பு இருக்கு. விடுங்க, நானே திருத்தறேன்.”

அவன் குனிந்து பார்த்தான். இத்தனை நாளாக அவன் கண்ணில் படாத தப்பு அது.