எதுக்கும் இருக்கட்டும்

மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு வசுமதி பெட்டி கட்டினாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே குடையை வைத்தாள். அதையே சொல்லித் தைலப் புட்டியையும் வைத்தாள். மேல்தளத்தில் நின்று கடல் பார்ப்பதற்கென்றே ஆசையாக வாங்கிய தொப்பியைக் கடைசியில் திணித்து, பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து பூட்டினாள்.

முதல் நாள் வானம் பளிச்சென்று இருந்தது. தொப்பி மட்டும் அவளோடு வெளியே போய்விட்டு வந்தது.

"கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டது தைலம்.

"நீயே வந்து பாரேன்."

"எனக்கு எங்கே வாய்க்குது? அவளுக்குத் தலை வலிச்சாத்தானே என்னை எடுப்பா!"

"ஒரு மழையாவது கொட்டக் கூடாதா? இவ்வளவு தூரம் வந்துட்டுச் சும்மாவா திரும்பிப் போறது?" என்றது குடை.

"நீங்க வேண்டுறது பலிச்சா அவ கதி என்ன?" என்றது தொப்பி.

இரண்டும் வேண்டுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் வசுமதிக்குத் தலை வெடித்துவிடும்போல வலித்தது. தைலத்தைத் தடவிக்கொண்டு அறையிலேயே சுருண்டு கிடந்தாள். கரையில் இறங்கும்போதும் மழை விடவில்லை.

"நல்லவேளை, எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன்" என்று குடையை விரித்தாள். குடைக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருஷமும் கப்பல் பயணம் வந்தது. இந்த முறை பாரத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்று பெட்டியைத் திறந்து யோசித்தாள். குடை உதவியிருந்தது. தைலமும் உதவியிருந்தது.

தொப்பியை எடுத்து வெளியே வைத்தாள்.