காய்ந்த குருத்தோலை

மதலைமுத்து வீட்டுச் சுவரில், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால், குருத்து ஞாயிறன்று செருகிய குருத்தோலை காய்ந்து சருகாகிவிட்டது.

"ஓசன்னா பாடி உன்னைத் தூக்கிப் பிடித்தார்களே, அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். இத்தனை மாதம் கிடந்து என்னத்தைக் கண்டாய்?" என்றது பல்லி.

ஓலை கண்டதெல்லாம் மதலைமுத்துவின் விறைத்த கழுத்தைத்தான். தம்பி வாசலில் வந்து நின்று அழுதபோதுகூட அது வளையவில்லை.

சாம்பல் புதன் நெருங்கியதும், வழக்கம்போல வீடுகளில் இருந்த பழைய ஓலைகளைக் கோயிலில் சேகரித்து எரித்தார்கள். "தொலைந்தது கிழடு" என்றது பல்லி.

புதனன்று சாமியார் அந்தச் சாம்பலைத் தொட்டு, நெற்றியில் பூச விரலை நீட்டினார். "மனிதனே, நீ மண்ணாக இருக்கிறாய்." மதலைமுத்து குனிந்தார்.

வீடு திரும்பியவரின் நெற்றியைப் பல்லி உற்றுப் பார்த்தது. "அடேய், நீயா?"

"சத்தம் போடாதே," என்றது சாம்பல். "தம்பி வீட்டுக்குப் போகச் செருப்பு மாட்டுகிறார்."