வெளியே போயிருக்கான்

"சோம்பேறிங்க ஊருய்யா இது" என்றார் லொரெத்தா மேடம், பேப்பரை என் மேஜையில் போட்டு.

போன பாராளுமன்றத் தேர்தலில், இத்தாலிக்குத் தெற்கே இந்தக் கலாப்ரியா மாநிலத்திலேயே எங்க ஊரில்தான் ஓட்டு குறைச்சலாம். நூத்துக்கு முப்பத்தோரு பேர். நகராட்சி செயலாளர் அவர், மானம் போயிடுச்சு. வடக்கே மொதேனாக்காரர் வேற. அவங்க ஊரில் நூத்துக்கு எண்பது பேர் போடுவாங்கன்னு வாரம் நாலு தடவை சொல்லிக் காட்டுவார்.

நான் இந்த ஊர் போலீஸ்காரன். ஓட்டர் பட்டியலில் பேர் இருக்கிறவங்க அந்தந்த வீட்டில் குடியிருக்காங்களான்னு பார்த்து எழுதறது என் வேலை. பதினஞ்சு வருஷமா எல்லார் பேருக்கும் நேரா 'இருக்கிறார்'னுதான் எழுதறேன்.

மேடம் அதைக் கண்டுபிடிச்சுட்டார். இல்லாதவங்க பேரை அடிச்சா சதவீதம் தன்னால ஏறும்னு, அடுத்த தேர்தலுக்கு முன்னாடி என்னை இழுத்துக்கிட்டு அவரே கிளம்பிட்டார்.

முதல் வீடு அசுந்தா அக்காவுடையது. மகன் நிக்கோதெமோவுக்கு வடக்கே தூரின் நகரத்தில் வேலை. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகணும்.

"உங்க மகன் எங்கேம்மா?"

"வெளியே போயிருக்கான்."

"எப்ப போனார்?"

"பதினோரு வருஷம் ஆச்சு" என்றார் அக்கா, காப்பியை நீட்டியபடி.

எனக்குச் சிரிப்பு வந்து தொலைச்சுது. மேடம் சிரிக்கலை. பேனாவைத் திறந்தார். அக்கா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"அடிச்சிராதீங்கம்மா. சொந்த ஊருக்கு ஓட்டுப் போட வந்தா ரயிலில் பாதிக் கட்டணம்கூட வாங்க மாட்டாங்க. பேர் இங்க இருக்கிறவனுக்குத்தான் அது. போன தடவை லீவு கிடைக்கலை, வரலை. இந்தத் தடவை வர்றேன்னிருக்கான். பேரும் போயிட்டா, அவனை நான் எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்?"

மேடம் காப்பியைக் குடிச்சு முடிச்சார். அப்புறம் படிவத்தில் 'இருக்கிறார்'னு எழுதிக் கையெழுத்தும் போட்டார். அடுத்த வீட்டுக்குப் போகலை. நேரா ஆபீஸ் பக்கம் திரும்பிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வழியில் கேட்டுட்டேன்.

"மேடம், போன தேர்தலில் நீங்க எங்கே போட்டீங்க?"

"போடலை. பேர் மொதேனாவில் இருக்கு. அன்னிக்கு இங்கே டூட்டி."

"வந்து ஆறு வருஷமாச்சே மேடம், இங்கே மாத்தியிருக்கலாமே?"

முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

"அங்கேயும் உன்னை மாதிரி ஒரு போலீஸ்காரர் வந்து கேட்கிறாராம். ஒவ்வொரு தடவையும் எங்கம்மா, 'வெளியே போயிருக்கா'ன்னு சொல்லி அனுப்பிடறாங்க."